படகின் பின் இருக்கையில் ஒருவன்

போன வாரம் எங்கள் ரீல் ஒன்று ஓடு ஓடென்று ஓடியது. எங்களைப் போன்ற குட்டி விளம்பர ஏஜென்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை!

கஸ்டமர், மட்டக்களப்பு வாவியில் படகுச் சவாரி விடுகிறவர். படகு புதுசு, பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை. ஏறத்தான் ஆளில்லை. காலிப் படகை ரீல் போட்டால் யார் பார்ப்பார்கள்? அதற்குத்தான் இப்போது ஏஐ இருக்கிறதே... 'படகு நிறைய சந்தோஷமான இளைஞர்கள், மாலை வெயில்' என்று எழுதிக் கொடுத்தோம். நொடியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சம்பளம் கேட்காத நடிகர்கள்!

"இதெல்லாம் பொய்யில்லையா?" என்றேன் ஒப்புக்கு. டிசைன் பார்க்கிற கஸ்தூரி சிரித்தாள். "ட்ரெண்ட் அண்ணன், ட்ரெண்ட்!"

ரீலுக்குக் கீழே 'சூப்பர்', 'செம', இதயக் குறிகள். நடுவில் இப்படி ஒரு கமெண்ட்: 'பின்னுக்கு இருக்கிறது என்ட மகன். இந்தப் படகு எங்க நிக்கிது?'

யாரோ விளையாட்டுக்குப் போட்ட பகிடி என்று விட்டுவிட்டோம். மறுநாள் அதே கேள்வி இன்பாக்ஸில் குரல் பதிவாக வந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து அம்மா ஒருவர். சண்டைக் காலத்தில் அவருடைய மகன் இந்தக் கரைக்கு வரப் பாதையில் ஏறியிருக்கிறான் — வாவியைக் கடக்கிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். ஏறினவன் வந்து சேரவில்லை. "நாளைக்கு ஒபிசுக்கு வாறன் மனே. அவன் எங்க இருக்கான் எண்டு மட்டும் சொல்லுங்க."

ரீலைத் திரும்ப ஓடவிட்டோம். எல்லோரும் வாவியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பின் இருக்கையில் இருக்கிறவன் மட்டும் நேரே எங்களைப் பார்த்துச் சிரிக்கிறான். எல்லோரும் பாதுகாப்பு அங்கி போட்டிருக்கிறார்கள். அவன் போடவில்லை. இதை எப்படி நாங்கள் கவனிக்காமல் விட்டோம்?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சிக்கல் வந்தால் முதலில் அழி, பிறகு பேசு. எங்கள் இணையப் பக்கத்தில் இருந்ததையும் கணினியில் இருந்ததையும் சேர்த்து அழிக்கச் சொன்னேன். ஒரு கிளிக்... முடிந்தது. பெருமூச்சு விட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

அம்மா வந்தார். கையில் லேமினேட் செய்த மகனின் படம். ரீலில் பின் இருக்கையில் இருந்தவனேதான். அதே புருவம், அதே பார்வை.

"அம்மா, அது மெஷின் செஞ்ச படம். அந்தப் படகில ஒருத்தரும் இருக்கல்ல."

"அப்ப மெஷினுக்கு இவன்ட முகம் எப்பிடித் தெரியும்?"

அவரே சொன்னார்: "இந்தப் படத்தப் பிடிச்சிக்கிட்டு எத்தின றோட்டில நிண்டிருப்பன். வந்தவன் போனவனெல்லாம் போட்டோ எடுத்தான். ஆராவது கண்டு சொல்லுவாங்க எண்டுதான் எடுக்க விட்டன்."

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். இணையத்தில் கிடக்கிற படங்களைத் தின்றுதானே இந்த மெஷின் வளர்கிறது? இதையும் தின்றிருக்குமோ? இல்லை, வெறும் முகச்சாயலா? எனக்குத் தெரியவில்லை.

அம்மா படத்தை மேசையில் வைத்தார். "இதில அவன் சிரிக்கல்ல, பாருங்க. ஐசிக்கு, அடையாள அட்டைக்கு எடுத்த படம். வேற படமும் என்னட்ட இல்ல. ஆனா உங்கட படகில சிரிக்கான். வாய ஒரு பக்கம் ஒதுக்கிச் சிரிக்கிறது... அது அவன்ட சிரிப்புத்தான். அத மெஷின் எங்க கண்டது?"

நான் மேசையில் கிடந்த படத்தைக் கையில் எடுத்தேன்.

"ஒருக்காக் காட்டுங்க மனே."

"அழிச்சிட்டம் அம்மா."

"ஆரக் கேட்டு?"

கஸ்தூரி சட்டென்று கணினிமுன் உட்கார்ந்தாள். அதே சொற்களை அப்படியே மறுபடி அடித்தாள். படகு வந்தது, ஆட்கள் வந்தார்கள். யாரோ, எவரோ. அம்மா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் ஒவ்வொருவராகப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார். மறுபடி அடித்தோம், மறுபடி வேறு முகங்கள். 'படகு நிறைய' என்றுதான் ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுத்தோம். ஆனால் கடைசியாக வந்த படகில் பின் இருக்கை காலியாக இருந்தது.

கஸ்தூரி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

ஆளில்லாத இடத்தில் ஆள் காட்டுவது எங்கள் பிழைப்பு. ஆளைத் தேடி ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வது என்று எந்த மார்க்கெட்டிங் வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

அம்மா படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பைக்குள் வைத்தார். கோபப்படவில்லை, அழவும் இல்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"முதல் தரம் அவன இல்லாமச் செஞ்சது ஆரெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியா மனே. இந்தத் தரம் தெரியும்."