திருப்பிக் கொடுத்த கூடை

அமெரிக்காவில், ரவுண்ட் ராக் என்ற ஊரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு ஓக் மரம் உண்டு. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு உத்தியோகம். காலையா மதியமா என்று தெரியாது. வெயில் இலைகளுக்கு நடுவே இறங்கித் தரையில் அசையும். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவேன். விழித்தால் அதே வெயில் வேறு இடத்தில் கிடக்கும். பேச்சு திரும்பி வந்துவிட்டது, காலும் ஒருவாறு இழுத்து இழுத்து நடந்தது. வலது கை மட்டும் ஊரார் வீட்டுப் பிள்ளை மாதிரி என்னோடு இருந்தது, சொன்னால் கேட்காது. ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உணர்ச்சியே கிடையாது. விரல்கள் மெல்ல மெல்ல அசையும், ஆனால் உணர்ச்சி திரும்புமா என்பதற்கு உத்தரவாதம் தர முடியாது என்றார் டாக்டர்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட வேண்டும். டைப் அடிப்பது, கார் ஓட்டுவது எல்லாம் எக்கேடோ கெட்டுப் போகட்டும். பிஸ்மி சொல்லி வலது கையால் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். நோயாளி இடது கையால் சாப்பிட்டால் குற்றமில்லை என்று எல்லாரும் எடுத்துச் சொன்னார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் இடது கை தட்டுக்குப் பக்கத்தில் போனாலே தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன். ஆகவே தடித்த பிடி போட்ட ஒரு ஸ்பூனை வலது முஷ்டிக்குள் செருகி, சட்டையெல்லாம் சிந்தித் தின்றேன். என் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருந்தது.

"ஊட்டி விடட்டுமா?" என்று ஒருநாள் என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நான் என்ன டேகேர் குழந்தையா?" என்றேன். பாவம், அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை.

பக்கத்து வீட்டில் செரோக்கி என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். ஓக்லஹோமாக்காரி, ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள், என் வயதுதான் இருக்கும். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கையசைத்ததோடு சரி, அதிகம் பேசியதில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, ஒரு கூடையில் சோள ரொட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்தவள் நான். அவள் கூடையை நீட்டினாள். என் வலது கை எழவில்லை. இடது கை எழுந்துவிட்டது, எழுந்ததைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஒரு மனுஷி ஆசையோடு கொண்டுவந்ததை இடது கையால் எப்படி வாங்குவது? அவள் வாசல் பெஞ்சில் கூடையை வைத்துவிட்டுப் போனாள்.

"ஏன் வாங்கிக்கல? ரொம்ப ஆஃபெண்ட் ஆயிட்டாங்க போல," என்றார் வீட்டுக்காரர்.

"லெஃப்ட் ஹேண்ட்ல வாங்குனா மட்டும் சந்தோஷப்படுவாங்களாக்கும்!"

"அவங்களுக்கு லெஃப்ட்டு ரைட்டெல்லாம் கிடையாதும்மா."

ரொட்டியைத் தின்றோம். நன்றாகவே இருந்தது. அடுத்தது கூடை. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அதைத் துடைத்து, நல்ல பேரீச்சம்பழமாகப் பார்த்து நிரப்பி, மகளிடம் கொடுத்து அந்தப் பெண் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். நான் செய்த தப்புக்குப் பரிகாரம் செய்துவிட்டதாக எனக்கு ஒரே திருப்தி.

அன்று சாயங்காலமே கதவு தட்டப்பட்டது. கூடையோடு நின்றாள் அவள். முகம் சிவந்திருந்தது. இந்தக் கூடை உன்னை என்ன செய்தது என்று நேராகக் கேட்டாள். ரொட்டி சும்மா ஒரு சாக்கு, கூடைதான் பரிசு, அதை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பின்னினேன், முதலில் கையால் வாங்க மறுத்தாய், இப்போது வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறாய் என்றாள். மகளை மொழிபெயர்க்கக் கூப்பிடவும் தோன்றவில்லை, என் இங்கிலீஷ் எங்கேயோ ஓடிவிட்டது. கடைசியில் வலது கையை இடது கையால் தூக்கி அவள் முன்னால் காட்டினேன். காட்டும்போது அழுதுவிட்டேன். இடது கை, பேரீச்சம்பழம், பாத்திரம், சோறு என்று எல்லாவற்றையும் கலந்து சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். பேரீச்சம்பழம் மொத்தத்தையும் தின்று தீர்த்துவிட்டதாகவும் சொன்னாள்.

காலை டிரிப்புக்கும் மத்தியான டிரிப்புக்கும் இடையில் அவளுக்கு நேரம் இருந்தது. மறுநாளிலிருந்து ஒரு பக்கெட் வெந்நீரும் மெல்லிய பிரம்புகளுமாக எங்கள் ஓக் மரத்தடிக்கு வந்துவிடுவாள். இது உன் கைக்கு நல்லதா என்று எனக்குத் தெரியாது, நான் எப்படியும் பின்னப்போகிறேன், நீயும் பின்னு என்றாள். அவள் வீட்டில் முன்பெல்லாம் ஹனிசக்கிள் கொடியில்தான் பின்னுவார்களாம். பஸ் ஓட்டுகிறவளுக்குக் கொடி தேடிக் காட்டுக்குப் போக நேரமில்லை, அதனால் கடைப் பிரம்பு. கறுப்பு வால்நட் காயின் மேல்தோலை வேகவைத்த சாயத்தில் பிரம்பை முக்கி எடுப்பாள். என் விரல்களும் பழுப்பாயின, பெருநாளுக்கு மருதாணி வைத்த மாதிரி. செத்த விரல்களுக்கு அலங்காரம் என்று முணுமுணுத்தேன். அது அவளுக்குப் புரியவில்லை, புரிய வைக்கவும் நான் மெனக்கெடவில்லை.

அவள் பின்னுகிற கூடைக்குச் சுவர் இரண்டு. அடியில் ஆரம்பித்து, உள்சுவரை மேலே ஏற்றி, விளிம்பில் பிரம்புகளை வெளியே வளைத்து, மறுபடி கீழே இறங்கி, ஆரம்பித்த அடியிலேயே வந்து முடிய வேண்டும். இடது கை பிடித்துக்கொள்ளும், வலது கைதான் இழுக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. ஊறிய பிரம்பு கட்டைவிரலுக்கும் மரத்த விரலுக்கும் நடுவே நழுவி நழுவி ஓடும். கோபத்தில் இரண்டு தடவை கூடையைத் தோட்டத்தில் வீசி எறிந்தேன். அவள் எழுந்துபோய் எடுத்து வந்து, மறுபடி நனைத்து, என் மடியில் வைத்தாள். அந்தப் பொறுமையைப் பார்த்து இன்னும் எரிச்சல் வந்தது.

வெயில் நகர்ந்தது. பக்கெட் தண்ணீர் ஆறியது, யாரோ மாற்றினார்கள். ஒன்றின் மேலே, ஒன்றின் கீழே, ஒன்றின் மேலே. கண்ணை மூடினாலும் அது ஓடிக்கொண்டிருந்தது. நான் பின்னுகிறேனா, பின்னுவதாகக் கனவு காண்கிறேனா என்று பல மதியங்களில் எனக்கே தெரியாது. உள்சுவர் முழுக்கக் கோணல். விளிம்பு திரும்பும்போது இலை உதிர ஆரம்பித்திருந்தது. வெளிச்சுவர் இறங்க இறங்க வரிசை கொஞ்சம் கொஞ்சமாக நேரானது. பிரம்பு நழுவுவது நின்றுவிட்டது என்பதையே அவள் சொல்லித்தான் கவனித்தேன். விரல்கள் பிடித்தன. ஆனால் பிடிப்பதை நான் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், விரல் எனக்கு எதுவும் சொல்லவில்லை.

கூடை முடிந்த அன்று அவளைச் சாப்பிட அழைத்தோம். வீட்டுக்காரர் நெய்ச்சோறும், பருப்பும் கறியும் போட்ட தாளிச்சாவும் ஆக்கினார். வழக்கம்போல என் தட்டருகே அந்தத் தடித்த ஸ்பூனை வைத்தார். நான் அதை நகர்த்தி வைத்தேன். மேஜையில் என் கையைப் பார்க்காத மாதிரி எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிஸ்மி சொல்லிச் சோற்றைக் கூட்டினேன். பாதி தட்டில் விழுந்தது. மீதி வாய்க்குப் போனது. நெய் மணத்தது, ஏலக்காய் மணத்தது. சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் போதாது. மாதக்கணக்கில் யார் வீட்டிலோ தங்கிவிட்டு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மகள் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். நான் எது கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற ஹைஸ்கூல் பெண். வாயை ஆவென்று திறந்தாள்.

"ஒரு வாய், உம்மா."

அவளுக்கு ஊட்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பயந்து பயந்து ஒரு சின்ன உருண்டை பிடித்தேன். சிந்திவிடுமோ என்று விரலை அவள் வாய்க்குள்ளேயே விட்டுவிட்டேன். அவள் அவசரமாக வாயை மூடினாள்.

"ஆ!" என்று கத்திவிட்டேன்.

"ஓ மை காட், சாரி உம்மா! கடிச்சிட்டேனா?"

நான் விரலைப் பார்த்தேன். ஆட்காட்டி விரல். வால்நட் சாயம் போகாத விரல். அதில் அவள் பல் பட்ட இடம் சுருக்கென்று வலித்தது. வலித்துக்கொண்டே இருந்தது.

"எங்கே," என்று விரலை அவள் வாய்க்கு நீட்டினேன். "இன்னொரு தடவ கடிடி."