ஓரிரு இடங்களில் லேசான மழை

வானிலை அலுவலகத்தில் தினசரி அறிக்கை எழுதுவது என் வேலை. இருபத்தாறு வருடமாக எழுதுகிறேன். "ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்ய வாய்ப்பு உண்டு" என்று எழுதிவிட்டால், பெய்தாலும் நான் சொன்னது சரி, பெய்யாவிட்டாலும் சரி. என் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா என்று யார் குடையாவது சொட்டுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

வீட்டிலும் இதே லட்சணம்தான். மனைவி இறந்த பிறகு நானும் மகளும் மட்டும். இந்தச் சட்டை எனக்கு நன்றாயிருக்கிறதா என்று அவள் கேட்டால்கூட "நல்லா இருக்க வாய்ப்பு இருக்கு" என்பேன். போன வியாழக்கிழமை சாப்பிடும்போது அவள் வேறொன்று கேட்டாள்.

"அந்த வேலை கிடைச்சிருச்சுப்பா. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதில் எழுதணும். போகட்டுமா, வேண்டாமா?"

விமானத்தில் போக வேண்டிய தூரம். இரண்டு வருட ஒப்பந்தம்.

"போனாலும் நல்லதுதான், போகாட்டியும் நல்லதுதான்," என்றேன்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "அறிக்கை வேண்டாம்ப்பா. அப்பாவா ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொல்றதைத்தான் செய்யப் போறேன்."

"நாளைக்குச் சொல்றேன்," என்று வாய்தா வாங்கினேன்.

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு, தனியாக யோசிக்கப் போகிறேன் என்று பெயர் பண்ணிக்கொண்டு, துறைமுகத்துக்கு எதிரே தெரியும் தீவுக்குப் படகேறினேன். உள்ளதைச் சொன்னால், மகள் முகத்தில் விழிக்கப் பயந்து ஓடினேன். தீவைச் சுற்றி இருபத்திரண்டு கிலோமீட்டர் சாலை. கடைசிப் படகு ஐந்து மணிக்கு. படகுத்துறையைத் தாண்டினால் போனில் சிக்னல் இருக்காது என்று படகுக்காரர் சொன்னபோது மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

துறைக்கு எதிரே ஓர் அம்மாள் சைக்கிள் வாடகைக்கு விடுகிறார். மாடியில் தங்குவதற்கு நான்கு அறைகளும் வைத்திருக்கிறார். கொடியில் பன்னிரண்டு படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. பதிவேட்டில் நான் என் வேலையை எழுதியதைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல ஆளா வந்தீங்க. மழை வருமா சார்?"

வானத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் கருப்பு. "வர வாய்ப்பு இருக்கும்மா."

"அப்ப இதையெல்லாம் எடுக்கட்டுமா, விடட்டுமா? சாயங்காலம் தங்க ஆள் வருது."

"அது நீங்க பார்த்து முடிவு பண்ண வேண்டியதும்மா."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புதிதல்ல. முந்தின நாள்தான் தட்டோடு எழுந்தவளிடம் பார்த்திருந்தேன்.

சைக்கிளைத் தொட்டே இருபது வருடம் இருக்கும். முதல் மேட்டிலேயே மூச்சு வாங்கி, இறங்கித் தள்ளினேன். இரண்டு வாத்துகள் அவசரமே இல்லாமல் என்னைக் கடந்து போயின. மழைக்கோட்டு கொண்டுவரவில்லை. 'லேசான மழை' என்றுதானே அறிக்கையில் இருந்தது? அதை எழுதியவன் வானத்தைப் பார்க்காமல் எழுதினான் என்பது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் நம்பினேன்.

பதினான்காவது கிலோமீட்டரில் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஓரிரு இடங்களில் ஒன்று என் தலை. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. போதாக்குறைக்குச் செயின் வேறு கழன்றது. அதை மாட்டிவிட்டுக் கறுத்துப்போன கையோடு மணி பார்த்தேன். மூன்றரை.

அப்போதுதான் உறைத்தது. ஐந்து மணிக்குள் நான் பேசாவிட்டால், அவள் கடைசி நிமிடம்வரை காத்திருந்துவிட்டு, என்னைத் தனியாக விட மனசில்லாமல் 'வேண்டாம்' என்று எழுதிவிடுவாள். காலையிலிருந்து நான் ஆசைப்பட்டதும் அதைத்தான். நான் வாயைத் திறக்காமலே அது நடந்துவிட வேண்டும், பழியும் என்மேல் வரக் கூடாது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. மழையோடு மழையாக மிதித்தேன். மேட்டில் இறங்கவில்லை என்று பெருமையடிக்க ஆசைதான். இரண்டு இடத்தில் இறங்கினேன்.

துறைக்கு வந்தபோது நான்கே முக்கால். மழை விட்டிருந்தது. அம்மாள் விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல சார். எடுன்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பேன். மழை வராட்டி என்ன, மறுபடியும் போட்டிருப்பேன். அவ்வளவுதானே?"

 போனை எடுத்து மகளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"போம்மா," என்றேன். "எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா நீ போகணும். எழுதிடு."

 "நிச்சயமாவாப்பா?"

"நிச்சயமா."

"சரிப்பா." பிறகு, "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? அழறீங்களா?"

"சேச்சே. இங்க பயங்கர மழைம்மா," என்றேன்.

தலைக்கு மேலே வானம் பளிச்சென்று இருந்தது. இருபத்தாறு வருட உத்தியோகத்தில் இவ்வளவு உறுதியாக, இவ்வளவு தப்பாக, நான் ஒரு வானிலை அறிக்கையும் கொடுத்ததில்லை.