ஒரு தார்ப்பாய் குறையுது, தலைவரே

தலைவரே, நீர் சின்ன வயதில் நனைந்ததற்கு எங்கள் ஊர்ச் சனத்தை எதற்கு வரிசையில் நிறுத்தி நனைய விட்டீர்?

பெயர் சொல்லவில்லை. படித்தால் உமக்கே தெரியும். நான் தாமிரபரணிக் கரையில் தார்ப்பாயும் கயிறும் விற்கிறவன். ஊர் நன்றாக இருந்தால் எங்கள் கடைக்கு ஈ கூட வராது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றினால் அதிகாரியும் வருவான், ஆண்டியும் வருவான். பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாவதோடு சரி. கேடு காலத்தில் மனுஷன் எப்படிப் பேரம் பேசுகிறான் என்று பார்த்துத்தான் மிச்சத்தைப் படித்தேன். நிவாரண வரிசையில் நின்று கால் மரத்துப்போன அன்பர்களே, இது உங்கள் கதையும்தான்.

வழுக்காத கயிறு

வெள்ளம் ஊருக்குள் புகுந்த காலையில், பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அதிகாரி போனில் எத்தனை ரொட்டிப் பொட்டலம் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பேரூராட்சித் தலைவரோ இடுப்பளவுத் தண்ணீரில் செருப்பில்லாமல் என் கடைக்கு வந்து கயிறு கேட்டார். விலை கூடின நைலான் கயிறாக எடுத்துப் போட்டேன். தூக்கி எறிந்துவிட்டார். தேங்காய்நார்க் கயிறுதான் வேண்டுமாம். அதைக் கோயில் கல்தூணில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு கீழத்தெருவுக்குள் இறங்கினார். நாற்பது பேராவது அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் கரையேறினார்கள். அந்த மனுஷனை அன்றைக்குக் கும்பிட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

நைலானுக்கு என்ன குறை என்று கேட்டதற்கு அவர் சொன்னது: “எனக்கு ஏழு வயசு இருக்கும்போது வெள்ளத்துல எங்கம்மா கை வழுக்கித்தான் போனா, அண்ணாச்சி. ஈரக்கைக்கு நார்க்கயிறுதான் நிக்கும்.”

குடத்துத் தண்ணீர்

தண்ணீர் வடிந்ததும் கூரை போன வீடுகளுக்குத் தார்ப்பாய் வாங்க வந்தார். தார்ப்பாய் வாங்குகிறவன் அதை வெயிலுக்கு நேரே பிடித்து ஊசி ஓட்டை பார்ப்பான். அன்றைக்கு வெயில் ஏது? ஒவ்வொன்றாய் விரிக்கச் சொல்லி, அடியில் தானே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, “குடத்துத் தண்ணிய ஊத்துங்க” என்றார். அடுக்கின் நடுவில் மூன்று ஓட்டைச் சரக்கை நான் சொருகியிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவர் பிடரிக்கும் தெரிந்துவிட்டது.

ஒரு வார்த்தை திட்டவில்லை. நனைந்த தலையோடு தன் கதையைச் சொன்னார். அம்மா போன பிறகு அவரும் அப்பாவும் பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தார்களாம். அவர்கள் பேருக்கு வந்த தார்ப்பாயை எவனோ வாங்கிப் போக, இரண்டு பேரும் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தார்களாம். யாருக்கும் குறைக்காத விலையை அவருக்குக் குறைத்தேன். முழுசாகத் தோற்ற பேரம் அது ஒன்றுதான். போகும்போது சொன்னார்: “ஆளைப் பாக்காமக் கொடுத்தா அடுத்தவன் கைநாட்டு வச்சிருவான், அண்ணாச்சி.”

தூறலில் வரிசை

அந்தப் பேச்சின் அர்த்தம் மறுநாள் விளங்கியது. தெருவாரியாகப் பட்டியல் தயார். வண்டியில் ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு வீடு போட்டுவிடலாம். தலைவர் ஒப்பவில்லை. வீடு யார் பேரில் இருக்கிறதோ அவரே வரவேண்டும், முகத்தைப் பார்த்து என் கையால்தான் கொடுப்பேன் என்றுவிட்டார். காலையில் தூறலில் நின்ற சனம் மதியம் வரை நின்றது. சரக்கை இறக்கிவிட்டு ஓரமாய் நின்ற என்னை, வரிசையில் நின்ற வாழைக்காய் வியாபாரி திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “இவரு பட்ட கஷ்டத்தை ஆளுக்கொரு பங்கு வச்சுக் கொடுக்காரு வே!”

கட்டிலோடு வரட்டுமா?

சிரித்த வாய் மூடுவதற்குள் கீழத்தெரு சைனம்பு முன்னால் போய் நின்றாள். அவள் புருஷன் காசிம், கூரை ஓடுகளைப் பிடித்துக்கொண்டு வெள்ளத்துக்குத் தப்பப் பார்த்து, விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கிறார். கட்டிலுக்கு மேலே இப்போது வெறும் வானம். வீடு அவர் பேரில்.

“வீட்டுக்காரர் வரட்டும்மா” என்றார் தலைவர்.

நான் பாய்ந்தேன். “யோவ், அந்த மனுஷன் எந்திரிக்க முடியாமக் கெடக்காரு. நான் சாட்சி!”

“எங்க தார்ப்பாய் போன அன்னைக்கும் சாட்சி சொல்ல ஒருத்தன் நின்னான், அண்ணாச்சி.”

மூன்று ஓட்டைச் சரக்கு ஞாபகம் வந்து நான் பின்னுக்கு நகர்ந்தேன். சைனம்பு நகரவில்லை: “கட்டிலோட தூக்கியாந்து ஒங்க காலடியில போடட்டா, தலைவரே?”

என் கையிலிருந்து வேண்டாமாம்

கோபத்தில் கடைக்குப் போய், ஓட்டையில்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். காசிமின் மேல் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தார்ப்பாயை நீட்டினேன். கை நீட்டவில்லை. இரக்கத்துக்கு இறங்கிவருகிற ஆள் இல்லை அவள். என்னிடமே கயிறுக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசியவள். பட்டியலில் அவர்கள் பேர் இருக்கிறதாம், அந்தத் தார்ப்பாய்தான் வேண்டுமாம். எவ்வளவோ வாதாடினேன். கடைசியில் சொன்னாள்: “இதை வாங்கிட்டா நான் அங்கன பொய் சொன்னவளாப் போயிருவேன், அண்ணாச்சி.”

அவர்கள் பேருக்கு உள்ளது பேரூராட்சி ஆபீஸ் மூலையில் மடித்தபடி கிடக்கிறது. மேகமோ மேற்கே மறுபடி கறுக்கிறது.

ஆகவே தலைவரே, ஆளைக் கண்ணால் பார்த்துத்தான் கொடுப்பீர் என்றால் அந்தத் தார்ப்பாயைத் தலையில் வைத்துக்கொண்டு கீழத்தெருவுக்கு நீரே வந்து பார்த்து, உம் கையாலேயே கட்டிக் கொடும். நார்க்கயிறு நான் தாரேன், பேரம் கிடையாது.