சொல்வதை எழுதுபவர்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்று நான் பேச்செடுத்தால் எங்கள் ஆசிரியர் அறையில் ஒவ்வொருவராக டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். கடலூரில் மூன்று டியூஷன் போகிற பிள்ளைக்கும், டியூஷன் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே முப்பத்தைந்து மார்க்கா என்று கத்துவேன். கணக்கு டீச்சர் மட்டும் உட்கார்ந்து பதில் சொல்வார். "எல்லாருக்கும் ஒரே தராசா இருந்தாதான் டீச்சர், அவுங்க அவுங்க எடை அவுங்களுக்குத் தெரியும்." "புள்ளைங்க என்ன வெங்காயமா, எடை போட?" என்று நான் எகிறுவேன். நான் தமிழாசிரியை. வாய்க்குக் கேட்கவா வேண்டும்?

அப்படிப்பட்ட என்னைத்தான் அந்த வருஷம் சிதம்பரத்தில் ஒரு தேர்வு மையத்துக்கு, சொல்வதை எழுதுபவராகப் போட்டார்கள். கையால் எழுத முடியாத பிள்ளைகள் பதிலைச் சொல்லச் சொல்ல ஓர் ஆசிரியர் எழுத வேண்டும். அங்கே ஒரு பெண்ணுக்கு மற்ற பாடங்களை எழுதியவர் சமூக அறிவியல் ஆசிரியர். தன் பாடத்துக்குத் தானே எழுதக் கூடாது என்பதால், கடைசிப் பரீட்சையான அதற்கு மட்டும் நான். சொல்வதை மட்டும் எழுதுவேன், கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கையில் பிடிப்பு இல்லை. பேனா நிற்காது. விரலை மெதுவாக நகர்த்தி எதையாவது காட்ட முடியும், அவ்வளவுதான். கிள்ளையிலிருந்து ஆட்டோவில் அழைத்துவந்த அம்மா, மகளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "அவ அத்தா துபாய்ல இருக்காரு டீச்சர். பாஸானா ப்ளஸ் ஒன் சேப்போம், இல்லன்னா வூட்டோட இருக்கட்டும்னுட்டாரு. மத்ததெல்லாம் எழுதிடுவா. இந்த ஒண்ணுதான் பயம்." முக்காட்டின் நுனியைத் திருகிக்கொண்டே பேசினார்.

தனி அறை. அவள், நான், வாசல் பக்கம் நாற்காலி போட்டு ஒரு கண்காணிப்பாளர். மனிதர் பல வருஷம் இந்த வேலை பார்த்தவர். கேள்வித்தாளை என் கையில் கொடுக்கும்போதே குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் செய்றதுதான் டீச்சர். பாத்து எழுதுங்க" என்றார். நான் வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு மார்க் கேள்விகள். பருத்திக்கு ஏற்ற மண் எது? "வண்டல்" என்றாள். என் மகள் முந்தைய வருஷம்தான் பத்தாவது எழுதியிருந்தாள். வீடு முழுக்க நடந்து நடந்து அவள் சத்தமாகப் படித்ததில் பாதிப் பாடம் எனக்கும் ஏறியிருந்தது. கரிசல் என்று எழுதினேன். என் இடது கை தாளை மறைத்திருந்தது. ஏற்காடு எந்த மலையில்? "கல்வராயன்." சேர்வராயன் என்று எழுதிப் பக்கத்தைத் திருப்பினேன். அவள் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இந்தப் பரீட்சையை எவ்வளவு திட்டியிருப்பேன், இன்றைக்கு அதன் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டேனே என்று.

பெரிய கேள்விகளில் திணறினாள். பாதி சொல்லி நிறுத்துவாள், கண்ணை மூடுவாள், "வேணாம், அத அடிச்சிடுங்க டீச்சர்" என்பாள். நான் மனசுக்குள் மார்க்கைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். முப்பதைத் தாண்டுவேனா என்றது. கால் தரையில் நிற்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

கடைசியில் தமிழ்நாட்டு வரைபடம். பிச்சாவரம் என்று படித்ததும், தன் ஊருக்குப் பக்கத்து இடமாயிற்றே, சிரித்துவிட்டாள். விரல் நேராகப் போய் நின்றது. அடுத்தது மன்னார் வளைகுடா. விரல் ராமேசுவரத்துக்கு மேலே போய் நின்றது. நான் பேனாவைக் கொஞ்சம் கீழே நகர்த்தித் தெற்கே குறித்தேன்.

"நான் மேலதான டீச்சர் காட்டுனேன்?"

"கை நழுவிடுச்சும்மா."

"அப்ப அடிச்சிட்டு மேல போடுங்க."

அவள் காதருகே குனிந்து, "கீழதான்டி சரி" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிலயே." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் பாஸானா டீச்சர் எழுதிக் குடுத்துட்டாங்கன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. இப்பவே சொல்றாங்க. எனக்காவது தெரியணும்ல டீச்சர்?"

அடித்துவிட்டு மேலே குறித்தேன். அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். இந்தத் தராசே வேண்டாம் என்று ஊரெல்லாம் கத்துகிறவள் நான். அவளோ அதில் தானாக ஏறி நிற்க வந்திருக்கிறாள். அவளால் முடியாது என்று அவளைக் கேட்காமலே நான் முடிவு கட்டியிருக்கிறேன்.

அவளுக்கென்று கொடுத்த கூடுதல் நேரத்தில் இன்னும் இருபது நிமிஷம் பாக்கி. முதல் பக்கத்துக்குப் போய்க் கரிசலையும் சேர்வராயனையும் அடிக்க அரை நிமிஷம் போதும். அவளிடம் சொல்லவும் வேண்டும். திருப்பினேன், மூடினேன், மறுபடி திருப்பினேன். "என்ன டீச்சர் பாக்குறீங்க?" என்றாள். "பதிவு எண் சரியா இருக்கான்னு பாக்குறேன்" என்றேன். வராந்தாவில் அந்த அம்மா நடந்துகொண்டிருந்த சத்தம் கேட்டது. அடிக்கவில்லை. விடைத்தாளை அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டேன். வெளியே வந்ததும் அம்மா என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ரிசல்ட் வரும்வரை வீட்டில் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சோறு வடிக்கும்போது, துணி காயப்போடும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது எல்லாம் கூட்டல்தான். சில நாள் நாற்பது வந்தது, சில நாள் முப்பத்திரண்டு. நாற்பது வந்துவிடட்டும், அந்த இரண்டும் ஒரு பொருட்டாக இல்லாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ரிசல்ட் அன்று காலை அவளே கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. "பாஸ் டீச்சர்! எல்லாத்துலயும் பாஸ்! சோஷியல்ல முப்பத்தாறு!"

இரண்டு போனால் முப்பத்துநாலு. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து நின்றேன்.

"அத்தாகிட்ட சொல்லிட்டேன் டீச்சர், ஒரு மார்க்கு கூட யாரும் போட்டுக் குடுக்கல, எல்லாம் என்னோடதுன்னு. அம்மாதான் நம்ப மாட்டேங்குது. நீங்களே சொல்லுங்க."

போன் கை மாறியது. "நெசமாவா டீச்சர்?" என்றார் அம்மா. "புள்ள சொன்னத மட்டும்தான் எழுதுனீங்களா?"

"ஆமாம்மா" என்றேன். "அவ சொன்னத மட்டும்தான்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள் போலிருக்கிறது. "பாத்தியாம்மா, பாத்தியா!" என்று அந்தப் பெண் கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது.