பதிமூன்றாவது பன்

ஒரு டஜனுக்கு எத்தனை?

சிரிக்காதீர்கள். போன மாதம் இந்தக் கேள்வி ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது!

பாலக்கரையில் அருளப்பன் என்று ஒரு பேக்கரிக்காரர். (ஸ்ரீரங்கத்துக்காரனுக்குப் பேக்கரியில் என்ன வேலை என்கிறீர்களா? மடப்பள்ளியில் பன் போடுவதில்லையே!) ஒரு டஜன் கேட்டால் பதிமூன்று போடுவார். ஏன் என்றால், "ஒண்ணு கருகியிருந்தாலும் உங்களுக்குக் குறையக் கூடாது பாருங்க" என்பார். அடுப்புப் புகை ஒத்துக்கொள்ளாமல் மனிதருக்கு மூச்சு இரைக்கிறது. மகள் பிலோமினாவுக்கு வேலை கிடைத்தால் அடுப்படிக்கு ஓர் ஆளைப் போட்டுவிடலாம் என்று காத்திருந்தார்.

திருவெறும்பூர்ப் பக்கம் புதிதாக வரும் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா வேலை. இன்டர்வியூவில் முதல் கேள்வியே சுலபம்.

"டஜன்னா எத்தனைம்மா?"

"பதிமூணு சார்!"

வாய் முந்திக்கொண்டது. சின்ன வயதிலிருந்து கடையில் எண்ணிப் போட்ட கையாயிற்றே! உடனே பன்னிரண்டு என்று திருத்தி, அப்பாவின் வழக்கத்தையும் சொன்னாளாம். அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டு, "போகலாம்" என்றாராம்.

அன்று மாலை நான் போனபோது கடைக்குள் நின்று அழுதுகொண்டிருந்தாள். "என்னாலதான் போச்சு சார்" என்றார் அருளப்பன்.

எனக்குப் பொறுக்கவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். டஜன்... லத்தீனில் 'இரண்டும் பத்தும்' என்று பிறந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய், கப்பலேறி நம் வாழைப்பழக் கடை வரை வந்திருக்கிறது. அதற்குள்ளேயே இன்னொன்று – 'பேக்கர்ஸ் டஜன்'. எத்தனை? பதிமூன்று!

எடை குறைந்தால் தண்டனை என்று பயந்து, அந்தக் காலத்து ரொட்டிக்காரர்கள் ஒன்று கூடுதலாகப் போட்டார்களாம். அவர்கள் பயந்து போட்டதை நம் அருளப்பன் பிரியமாகப் போடுகிறார். நம்ம ஊர்க் கொசுறுக்கு வெள்ளைக்காரன் அகராதியில் இடம்!

சாப்பிடக்கூட உட்காரவில்லை. அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் பாலக்கரை.

"அப்ப நான் சொன்னது தப்பில்லையா சார்?"

"தப்பே இல்லைம்மா! இங்கிலாந்துக்காரனே சாட்சி!"

அப்பாவும் மகளும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அகராதியா வேலை கொடுக்கும்? இரண்டு வாரம் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே அருளப்பன் வாசலுக்கு ஓடினார்.

வந்ததே ஆர்டர்! சேர்ந்த அன்று அதே அதிகாரி சொன்னாராம்: "அடுத்தவங்களுக்குக் குறையக் கூடாதுன்னு நினைக்கிற ஆளுதான் ஸ்டோர்ஸுக்கு வேணும். ஆனா ஒண்ணும்மா... இங்க டஜன்னா பன்னெண்டுதான்."

எனக்கு அந்த முகம் தெரியாத அதிகாரியைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பாலக்கரை போனேன். அருளப்பன் மூச்சு வாங்காமல் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சர்ச்சில் பூசை முடிந்து வந்த பிலோமினாதான் கடையில் நின்றாள். ஒரு டஜன் பன் கேட்டேன். மளமளவென்று எண்ணிக் கட்டிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் பொட்டலத்தைப் பிரித்து எண்ணினேன். நம்பாமல் மறுபடியும் எண்ணினேன்.

பன்னிரண்டு! – வேலை நிரந்தரமாகிவிடும், சந்தேகமே இல்லை.