கிடைக்கவில்லை என்று கையெழுத்திட்டவன்

அரசு அலுவலகப் பதிவறை வேலை என்பது, இருக்கிற காகிதத்தை இல்லை என்று மரியாதையாகச் சொல்லும் வேலை. பழைய கட்டுகளைப் பிரித்துத் தும்மித் தும்மியே வயதைத் தொலைத்த சக ஊழியர்களே, உங்களுக்கு இது புரியும்.

முதல் பதில்

கனகசெட்டிக்குளத்தில் மீன் விற்கும் செல்வியம்மா தகவல் உரிமை மனுவோடு வந்தார். வீடு புறம்போக்கில் இருக்கிறது, காலி செய் என்று அவருக்கு நோட்டீஸ். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே அந்த மனையைத் தாத்தாவுக்கு அளந்து கொடுத்தார்களாம். அதற்கான ஆவணத்தின் நகல் வேண்டும். பதிவேட்டைப் புரட்டினேன். இல்லை. 'கோப்பு கிடைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் அதை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு கேட்டார்:

"நோட்டுல தேடுனீங்க சார், ரூமுல தேடுனீங்களா?"

ஆணை வந்த நாள்

மேல்முறையீட்டிலும் என் பதிலையே நகலெடுத்து அனுப்பினோம். அம்மா உயர் நீதிமன்றம் போய்விட்டார். மனுதாரர் முன்னிலையில் பதிவறை முழுவதையும் தேட வேண்டும், அவரே பார்வையிடலாம் என்று ஆணை வந்தது.

"மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு நம்ம பீரோவப் பத்தி அவங்களுக்கு இன்னா தெரியும்? ரெண்டு கட்டக் காட்டி அனுப்பிடு" என்றார் கண்காணிப்பாளர். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் மட்டுமல்ல, நேற்றுவரை அப்படியே நினைத்த என் மேலும்தான். "முழு ரூமுன்னு போட்டிருக்கு சார், முழுசாத்தான் காட்டுவேன்" என்றேன். அவர் ஆணையை மறுபடி படித்தார், மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்றிருந்த கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை. பிறகு சாவியை நீட்டினார். அதை வாங்கிக்கொண்ட பியூன் ஏழுமலை சொன்னார்:

"கோர்ட்டே சொல்லிடுச்சு சார், இப்பவாச்சும் ஒரு தொடப்பம் வாங்கிக் குடுங்க."

மூலையில் ஒரு பீரோ

மதியத்துக்குள் எல்லாக் கட்டையும் பிரித்தாயிற்று. ஒன்றும் இல்லை. அப்போது செல்வியம்மா மூலையில் இருந்த பீரோவைக் கை காட்டினார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். பிரெஞ்சுக் கோப்பை யாராவது கேட்டால், 'மொழிபெயர்ப்புக்கு' என்று சொல்லிப் பதிவேட்டில் அந்த வரியையே அடித்துவிட்டு, கோப்பை அந்தப் பீரோவில் வைப்போம். மொழிபெயர்ப்பாளர் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. பதிவேட்டில் இல்லாதது எங்களுக்கு உலகத்திலேயே இல்லை. அந்தப் பீரோவை நான் மறந்தே போயிருந்தேன்.

அதில் மூன்றாவது கட்டில் ஊர் வரைபடம் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் பிரெஞ்சு தெரியாது. அவர் விரலை மட்டும் ஓட்டினார். "இது மாரியம்மன் கோயிலு, இது கெணறு, இதுக்கு அடுத்தது எங்க மனை." அந்தக் கட்டத்துக்குள் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: மா-ரி-முத்-து. தாத்தாவின் பெயர். அவர் அழுதுவிட்டார். நோட்டீஸை எதிர்க்க இனி கையில் ஒரு தாள் உண்டு. சான்றிட்ட நகலுக்கு முத்திரையைத் தேடியபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இல்லன்னு எழுதுன கையாலயே இருக்குதுன்னு எழுதிக் குடுங்க சார்."

எழுதிக் கொடுத்தேன், இருபத்தாறு வருஷப் பணியில் நான் உண்மையிலேயே தேடிய முதல் கோப்பு அதுதான் என்பதை மட்டும் உயர் நீதிமன்றத்துக்குச் சொல்லிவிடாதீர்கள்.