மாவு டப்பாவில் சாய்த்து வைத்த போன்

இன்டர்நெட்டில் போன் பேசுவது ஊரெல்லாம் ஏன் பரவியது என்று படித்தவர்களைக் கேட்டால், விலை மலிந்தது, முகம் தெரிந்தது என்று பத்துக் காரணம் அடுக்குவார்கள். அடுக்கட்டும். கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அது பரவியதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் அங்கம்மாள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத அங்கம்மாள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து, மிளகுக் கிட்டங்கிகளுக்கு நடுவே யார் தயவும் இல்லாமல் சாப்பாட்டுக்கடை போட்டவள். மாமூல் கேட்டு வந்து கல்லாவில் கை வைத்த ஒரு சண்டியனின் முழங்கையில், அடுப்பில் கிடந்த தோசைத் திருப்பியை எடுத்து அப்படியே வைத்து அழுத்தியவள். தோல் பொசுங்கிய நாற்றம் அன்றைக்குச் சாம்பார் வாசனையையே அமுக்கிவிட்டது. அந்த ஆள் இப்போதும் அரைக்கைச் சட்டை போடுவதில்லை.

அப்பேர்ப்பட்டவளின் மகள் பாண்டிச்செல்வி பஹ்ரைனில் புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். அங்கம்மாளுக்கு அது நெஞ்சில் தெரியும். வாயால் சொல்லத்தான் மகளுக்கு வழியில்லை. மாப்பிள்ளை இசக்கிராஜா நிமிஷக் கணக்கில் காசு கரையும் போன் கார்டு வாங்கி, அவனே எண்ணை அழுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நிற்பான். "நல்லாருக்கேம்மா" என்று செல்வி சொல்லி முடிப்பதற்குள், "காசு ஏறுது, வை" என்பான். பெல்ட்டால் அடித்ததைவிட அந்த மூன்று சொல்லால் அவன் அவளை அதிகமாகக் கட்டிப்போட்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் நெட் மலிவானது. இடப்பள்ளியில் மொபைல் கடையில் வேலை பார்க்கும் அம்மு, அங்கம்மாளின் போனில் வீடியோ காலைப் போட்டுக்கொடுத்தாள்.

"இது எவ்வளவு நேரம் பேசலாம்டி?"

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம் அக்கா. பேசாமலும் இருக்கலாம். லைன் பாட்டுக்கு லைன் கிடக்கும்."

பேசாமலும் இருக்கலாம் என்பதை அங்கம்மாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்று முதல் கடைத்தூணில் ஒரு போன், பஹ்ரைன் சமையலறையில் மாவு டப்பாவில் சாய்த்து ஒரு போன். இவள் சோறு வடிப்பாள், அவள் வெங்காயம் நறுக்குவாள். காசு ஏறாத லைன், மாப்பிள்ளைக்குத் தெரியாத லைன். அவன் வேலைக்குப் போனதும் லைன் வரும், வீடு திரும்பினால் போகும். சாப்பிட வரும், மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் கையைக் கழுவிக்கொண்டே, "எந்தா மோளே, இன்னு கறி?" என்று போனில் செல்வியிடம் அன்றைய குழம்பைக் கேட்டுவிட்டுத்தான் இலையில் உட்காருவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. அங்கே லீவு நாள். மாப்பிள்ளை தூங்குகிறான் என்று செல்வி லைனைப் போட்டுவிட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இங்கே கடையில் மதியக் கூட்டம், இருபது இலை. இசக்கிராஜா கண்ணைக் கசக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தான். போனைப் பார்த்தான். மாவு படிந்த திரையில் தூக்கக் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யாரும் பேசவில்லை. பேச்சு இல்லையென்றால் லைன் இல்லை. கார்டிலேயே காலம் தள்ளிய அவனுக்கு வேறு கணக்குத் தெரியாது.

"சாயா எங்கடி?" என்றான். பதில் வருமுன் அடி விழுந்தது. முடியைப் பிடித்துத் தலையைச் சிமெண்டு மேடையில் மோதினான். மீன் தட்டு உருண்டது. இங்கே இருபது கைகளும் சோற்றில் அப்படியே நின்றன.

சாப்பிட்டுக்கொண்டிருந்த சுமட்டுக்காரன் முத்துராமலிங்கம் வாயைத் திறக்கப் போனான். அங்கம்மாள் கரண்டியைக் காட்டி அடக்கினாள். கத்தினால் இசக்கிராஜா போனை உடைப்பான். உடைத்தால் அந்த வீட்டுக்குள் என்ன நடந்தாலும் கேட்க நாதியில்லை. முத்துராமலிங்கத்தின் தம்பி வாஞ்சிநாதன் பஹ்ரைனில் வெல்டர், செல்வி வீட்டுக்கு நாலு கட்டடம் தள்ளித்தான் இருக்கிறான். "உன் தம்பி" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். அவன் எச்சில் கையோடு தெருவுக்கு ஓடிப்போய் நெட்டிலேயே கூப்பிட்டான். கார்டு வாங்கக் கடை தேடியிருந்தால் அன்றைக்குப் பிணம்தான் மிஞ்சியிருக்கும்.

தெருவே நடுங்கும் குரலுக்குச் சொந்தக்காரி, தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டு பார்த்து நின்றாள். அவன் மிதித்தான். செல்வி கையை முறுக்கினான். மட்டை ஒடிவதுபோல் ஒரு சத்தம் தூணிலிருந்த போனில் கேட்டது. அங்கம்மாளின் மணிக்கட்டில் ரத்தம் கசிந்தது. பல்லை எடுக்கவில்லை.

பிறகு அவன் மீன் அரியும் கத்தியை எடுத்தான்.

"டேய் இசக்கி!"

மாப்பிள்ளை, வாங்க, போங்க என்று ஏழு வருஷம் மரியாதை கொடுத்த வாய். மாவு டப்பாவுக்குள்ளிருந்து அந்தக் குரல் வெடித்ததும் அவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, மாமியார் வீட்டுக்குள்ளேயே நிற்கிறாள் என்று நினைத்துக் கதவுப்பக்கம் திரும்பினான். திரும்பின நேரம் கதவு பிளந்தது. வாஞ்சிநாதனும் கூட வந்த இரண்டு பேரும் உள்ளே பாய்ந்தார்கள். முதல் குத்திலேயே மூக்கு உடைந்தது.

"வாஞ்சி! என் பங்கு எங்கடா? எனக்கும் சேத்துக் குடு!"

"தாரேன் அக்கா. எந்தப் பக்கம்?"

"வலது கை. அதாலதான் அடிச்சான்."

கொடுத்தான். மறுபடியும் மட்டை ஒடிந்தது. இருபது பேரும் எழுந்து நின்றார்கள். ஒரு சேட்டன், "ஒண்ணு கூடி!" என்று இன்னொரு குத்துக் கேட்டு இலையைத் தட்டினார். "போதும்டா, உசுரு இருக்கட்டும். போலீசு கேட்டா பதில் சொல்ல வாய் வேணும்" என்று அங்கம்மாள்தான் நிறுத்தினாள்.

ரத்தம் வழிந்த முகம் ஒன்று போன் பக்கம் ஊர்ந்து வந்தது.

"அம்மா... லைன் இருக்கா?"

"இருக்குடி. நீ இங்க வந்து சேருற வரைக்கும் இருக்கும்."

சாயங்காலம் அம்மு வேலை முடிந்து வந்தபோது கடை வாசலில் சுமட்டுக்காரர்கள் போனை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தங்கை ஓமனில் இருக்கிறவன், மகள் குவைத்தில் இருக்கிறவன். "எனக்கும் அந்தப் பேசாத லைன் போட்டுக் குடு மோளே" என்றார்கள்.

ஏழாம் நாள் நெடும்பாசேரி விமான நிலைய வாசலில், மாவுக்கட்டுக் கையோடு பாண்டிச்செல்வி வெளியே வந்தாள். இரண்டு கை தூரத்தில் தாயும் மகளும் நின்றபோதும் அங்கம்மாள் லைனை அறுக்காமல் போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். செல்வி அதைப் பிடுங்கி லைனை நிறுத்திய பிறகுதான் அங்கம்மாள் அழுதாள்.